சைக்கிளில் வலப்பக்கம் திரும்புவது எப்படி: புதியவர்களுக்கான சாலை விதிகள்

சாலையில் சைக்கிள் ஒரு வாகனம். 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை சைக்கிள் ஓட்டுபவரையும் ‘ஓட்டுநர்’ என்றே வரையறுக்கிறது. பெரும்பாலான நாடுகளில் உரிமம் கேட்பதில்லை என்பதற்காகச் சிவப்பு விளக்கும் ஒருவழிப்பாதையும் நமக்கில்லை என்று ஆகிவிடாது.

இடப்பக்கம் ஓட்டும் நாடுகளை வைத்தே எழுதுகிறேன். வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் இருப்பவர்கள் இடத்தையும் வலத்தையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

1. கிளம்பும் முன்

வியன்னா உடன்படிக்கை கேட்பவை: நல்ல பிரேக், மணி, முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள் விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, சிவப்பு ரிஃப்ளெக்டர். மணியைத் தவிர வேறு ஒலிப்பான் கூடாது என்றும் அது சொல்கிறது. ஏர் ஹார்ன் பிரியர்கள் கவனிக்க.

பின்விளக்கு மினுக்காமல் நிலையாக எரிவதே எனக்குப் பிடிக்கும். மினுக்கும் விளக்கைப் பார்த்து நாம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று கணிப்பது பின்னால் வருபவருக்குச் சிரமம். ஜெர்மனியில் சைக்கிளில் மினுக்கும் விளக்குக்கு அனுமதியே இல்லை. பையோ மழைக்கோட்டின் நுனியோ விளக்கை மறைக்கிறதா என்று பின்னால் போய் நின்று ஒருமுறை பாருங்கள்.

2. எங்கே ஓட்டுவது

இடப்பக்கம்தான், ஆனால் சாலையின் விளிம்பை உரசிக்கொண்டு அல்ல. நிறுத்தியிருக்கும் கார்களைக் கடக்கும்போது ஒரு கதவின் அகலமோ ஒரு மீட்டரோ இடைவெளி விடச் சொல்கிறது, 2022இல் திருத்தப்பட்ட பிரிட்டன் நெடுஞ்சாலை விதித்தொகுப்பு. எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று யாருக்குத் தெரியும்?

3. வலப்பக்கம் திரும்புதல்

எனக்கு வெகுநாள் பிடிபடாமல் இருந்த படி இது. கையை நீட்டுவது எளிது. திரும்பிப் பார்ப்பதுதான் வித்தை. தலை வலப்பக்கம் திரும்பியதும் தோளும் கூடவே திரும்பும், ஹேண்டில்பாரும் அந்தப் பக்கமே இழுக்கும். வண்டி நடுச்சாலைக்குப் போய்விடும். காலி மைதானத்தில் நேர்க்கோடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு பழகுங்கள். முழங்கைகளைத் தளர்த்தி, தாடையை மட்டும் வலத்தோளுக்குக் கொண்டுபோங்கள். பின்னால் வரும் வண்டியின் நிறத்தைச் சொல்ல முடிந்தால்தான் பார்த்ததாக அர்த்தம்.

சாலையில் வரிசை இதுதான்: பார், கை காட்டு, மறுபடி பார், நகர். திருப்பத்துக்கு முன்பே கையை எடுத்து ஹேண்டில்பாரில் வைத்துவிடுங்கள். நீட்டிய கையோடு பிரேக் பிடித்தால் வண்டி தள்ளாடும்.

அகலமான சாலையில் நான் இதைச் செய்வதே இல்லை. இரண்டு கட்டமாகத் திரும்புகிறேன். பச்சையில் நேராகச் சந்திப்பைக் கடந்து, எதிர்ப்புற இடது மூலையில் நின்று, வண்டியை வலப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, அந்தச் சாலைக்குப் பச்சை விழுந்ததும் போவது. கூடுதலாக ஒரு சிக்னல் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். டென்மார்க்கிலும் ஜப்பானிலும் சைக்கிளுக்கு இதுதான் சட்டம்.

4. சிக்னலில் லாரி நின்றால்

அதன் இடப்பக்கச் சந்தில் நுழையாதீர்கள். அது இடப்பக்கம் திரும்பினால் பின்சக்கரம் ஓரத்தை வெட்டிக்கொண்டு வரும். ஓட்டுநரின் கண்ணுக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். பின்னாலேயே நில்லுங்கள்.

பிற்சேர்க்கை

இரண்டு கட்டத் திருப்பத்தில் எங்கே நிற்பது என்று பலர் கேட்டுவிட்டார்கள். நீங்கள் சேரப்போகும் சாலையின் வண்டிகளுக்கு முன்னால், இடது ஓரமாக. வரிக்கோட்டின் (ஜீப்ரா கிராசிங்) மேல் நிற்காதீர்கள். அது நடப்பவர்களின் இடம். சில சந்திப்புகளில் இதற்கென்றே கட்டம் வரைந்திருப்பார்கள்.

காதில் பாட்டுக் கேட்கும் இயர்ஃபோன்? பிரான்ஸ் 2015இல் தடை செய்துவிட்டது. தடை இல்லாத ஊரிலும் நான் அணிவதில்லை. பின்னால் வரும் வண்டியை முதலில் சொல்வது காதுதான்.

இன்னொருவர், சந்திப்பைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். இறங்கித் தள்ளுங்கள். பல நாடுகளில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர் பாதசாரிதான். வரிக்கோட்டில் தாராளமாகக் கடக்கலாம்.