கல்லூரி அணிக்கு ரசிகர் தளம்: இந்தத் தவறுகளில் மாட்டிக்கொள்ளாதீர்கள்

அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்க வந்த நம்மாட்கள் பலருக்கு முதல் செமஸ்டரிலேயே கல்லூரி விளையாட்டுப் பித்துப் பிடித்துவிடுகிறது. மிச்சிகன், பென் ஸ்டேட், ஓஹையோ ஸ்டேட், டெக்சாஸ் ஏ அண்ட் எம் போன்ற பல்கலைக்கழகங்களில் லட்சம் பேருக்கு மேல் உட்காரும் அமெரிக்கக் கால்பந்து மைதானங்கள், எல்லாரும் ஒரே நிறத்தில் சட்டை, இறங்கி ஆடுபவர்களோ நேற்று நூலகத்தில் எதிர் மேஜையில் இருந்த பையன்கள். கணினி வேலை தெரிந்தவருக்கு அடுத்து தோன்றுவது "நாமே ஒரு தளம் தொடங்கினால் என்ன" என்பதுதான். தாராளமாகத் தொடங்கலாம். மிச்சிகன் அணிக்கான எம்கோபிளாக் 2004-இல் ஒரு ரசிகர் தொடங்கியது, இன்றைக்கும் அந்த ஊரில் பத்திரிகைகளுக்கு இணையாகப் படிக்கப்படுகிறது. ஆனால் புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்கிற சில தவறுகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் முளைக்கின்றன: நாம் வெளியே நிற்கும் ரசிகர்கள் என்பதை மறந்துவிட்டு அணியின் ஆளாகவே நினைத்துக்கொள்கிறோம்.

முதலில் பெயரும் லோகோவும். பல்கலைக்கழக லோகோவை முகப்பில் பெரிதாகப் போட்டு, டொமைனில் அதன் பெயரையும் சேர்த்து, கீழே பொடி எழுத்தில் "அதிகாரப்பூர்வமற்றது" என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. அந்த வரி அவசியம்தான், ஆனால் பார்க்கிறவர் முதல் பார்வையிலேயே இது பல்கலைக்கழகத்தின் தளம் என்று நம்பிவிட்டால் பொடி எழுத்து யாரையும் காப்பாற்றாது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் "பன்னிரண்டாவது ஆள்" என்ற பொருள்படும் தன் ரசிகர் அடைமொழியை 1990-இலேயே வர்த்தகச் சின்னமாகப் பதிவு செய்துவிட்டது. சியாட்டில் சீஹாக்ஸ் என்ற தொழில்முறை அணி மீதே வழக்குப் போட்டு, 2006-இல் அவர்களை உரிமக் கட்டணம் கட்ட வைத்தது. 2014-இல் பஃபலோ பில்ஸ் என்ற இன்னொரு தொழில்முறை அணியின் ரசிகர் ஒருவர், தன் அணி ஊரைவிட்டுப் போய்விடக்கூடாது என்பதற்காக நடத்திய தளத்தின் பெயரில் அதே சொற்கள் இருந்தன. இரண்டு கால்களையும் இழந்தவர், புற்றுநோயிலிருந்து மீண்டவர். அவர் மீதும் வழக்கு வந்தது, அந்தப் பெயரை விட்டுக்கொடுத்துத்தான் பிரச்சினை முடிந்தது. இவ்வளவு தூரம் போகிறவர்கள் உங்களை விட்டுவிடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. சொந்தமாக ஒரு பெயர், சொந்தமாக ஒரு சின்னம். ஊரின் பெயரை வைக்கலாம், தெருவின் பெயரை வைக்கலாம், உங்களுக்குப் பிடித்த ஒரு ஆட்ட உத்தியின் பெயரை வைக்கலாம்.

டிஷர்ட் விற்கும் ஆசை அடுத்து வரும். லோகோ போடவில்லையே, நிறம் மட்டும்தானே என்பார்கள். லூசியானா ஸ்டேட் (எல்.எஸ்.யு.), ஓஹையோ ஸ்டேட், ஓக்லஹோமா, சதர்ன் கலிஃபோர்னியா ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து போட்ட வழக்கில் 2008-இல் ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன தீர்ப்பே நிறத்தைப் பற்றியதுதான்: பல்கலைக்கழகத்தின் நிறங்களும் அந்த அணியின் வெற்றியை நினைவூட்டும் வாசகங்களும் சேர்ந்திருந்தாலே அத்துமீறல் ஆகலாம். சரி, பழைய காலத்து லோகோவைப் போடலாமா? அப்படிப் போட்டு விற்ற ஒரு நிறுவனத்தின் மீது பென் ஸ்டேட் தொடர்ந்த வழக்கில் 2024 நவம்பரில் ஜூரி பல்கலைக்கழகத்தின் பக்கமே நின்றது. ரசிகர் தளம் நடத்த டிஷர்ட் தேவையே இல்லை, விட்டுவிடுங்கள்.

படங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூகுளில் கிடைக்கும் ஆட்டப் படம் பெரும்பாலும் கெட்டி இமேஜஸ், ஏபி போன்று படம் விற்கும் நிறுவனங்களுக்குச் சொந்தமானது, எடுத்துப் போட்டால் ஒருநாள் பில் வரும். ஸ்கோரும் புள்ளிவிவரமும் வேறு கதை. ஒரு ஆட்டத்தின் ஸ்கோர் வெறும் தகவல், அது யாருடைய சொத்தும் இல்லை என்று 1997-இல் மோட்டோரோலா வழக்கில் நீதிமன்றம் சொல்லிவிட்டது, பயமில்லாமல் எழுதலாம். அப்புறம், வாசகர்களே படம் ஏற்ற உங்கள் தளத்தில் வசதி இருந்தால், பதிப்புரிமைப் (காப்பிரைட்) புகார் வந்தால் பெற்றுக்கொள்ள ஒரு ஆளை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். கட்டணம் 6 டாலர், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம்.

இனி வருவதுதான் எனக்கு முக்கியம். புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ரெக்ரூட்டிங் விஷயத்தில் ரசிகர் தளங்கள் செய்கிற தவறு, தளத்தைத் தாண்டி ஒரு பதினேழு வயதுப் பையனைத் தொடுகிறது. 2009-இல் நார்த் கரோலினா ஸ்டேட் (என்.சி. ஸ்டேட்) மாணவர் ஒருவர், அன்றைக்கு நாட்டின் முன்னணிப் பள்ளிக்கூடக் கூடைப்பந்து வீரர்களில் ஒருவரான ஜான் வால் தங்கள் கல்லூரிக்கு வர வேண்டும் என்று ஃபேஸ்புக்கில் ஒரு குழு தொடங்கினார். அவ்வளவுதான் செய்தார். அவருடைய கல்லூரியின் விதிக்கண்காணிப்பு அலுவலகமே அதை நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. காரணம் எளிது. கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி அணிக்கு நன்கொடை கொடுப்பவரும், ரெக்ரூட்டிங்கில் உதவுபவரும் "அணியின் நலன் காக்கும் பிரதிநிதி" ஆகிவிடுகிறார். அப்படி ஒருமுறை ஆகிவிட்டால் அது காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அவர் செய்வதற்கெல்லாம் கல்லூரி பதில் சொல்ல வேண்டும். ஆகவே பள்ளி மாணவருக்கு நேரடியாகச் செய்தி அனுப்பாதீர்கள், வாசகர்களையும் அனுப்பத் தூண்டாதீர்கள். வேறு கல்லூரியைத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்பதற்காக அந்தப் பையனைத் திட்டி வரும் எதையும் ஒரு நிமிடம்கூட விட்டுவைக்காதீர்கள். அதைப் படிப்பது அவன் மட்டுமில்லை, அவனுடைய அம்மாவும் படிப்பார். அடுத்த வருடம் உங்கள் கல்லூரி பற்றி யோசிக்கிற இன்னொரு வீட்டிலும் படிப்பார்கள்.

2021 ஜூலைக்குப் பிறகு வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆகிவிட்டதால், "இப்போது எல்லாம் சரிதானே" என்று கேட்பவர்கள் உண்டு. வீரருக்குப் பணம் கொடுத்துப் பேட்டி எடுத்தால் அது ஒரு ஒப்பந்தம். 2025-இல் வந்த ஏற்பாட்டின்படி 600 டாலரும் அதற்கு மேலும் போகும் ஒப்பந்தத்தை அவர் அறிவிக்க வேண்டும். அறிவிக்கத் தவறினால் அடிபடுவது அவருடைய ஆட்டம். காசு கொடுத்துப் பேட்டி வேண்டாம்.

காயம் பற்றிய செய்தி இதைவிட மோசம், ஏனென்றால் அது தப்பாகவே தெரியாது. செவ்வாய்க்கிழமை காலை வகுப்பு. உங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காரும் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் முக்கிய வீரர்) வலது காலில் காயத்துக்குப் போடும் பிளாஸ்டிக் காலணியோடு, ஊன்றுகோலில் வருகிறார். கை துறுதுறுக்கும். ஆனால் 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் விளையாட்டுச் சூதாட்டத்துக்கு இருந்த கூட்டரசுத் தடையை ரத்து செய்தது, இன்று முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அது சட்டபூர்வம். நீங்கள் எழுதும் அந்த ஒரு வரிக்குச் சந்தையில் விலை இருக்கிறது. பந்தயத்தில் தோற்றவன் கோபத்தைக் காட்டுவது அந்த மாணவரிடம்தான், அவருடைய கைபேசிக்கே வசை போகும். வகுப்பில் பார்த்தது வகுப்போடு இருக்கட்டும். கல்லூரி அணிகளின் லீக்குகளான பிக் டென் 2023 முதலும் எஸ்.இ.சி. 2024 முதலும் யார் ஆடுவார், யார் ஆடமாட்டார் என்று ஆட்டத்துக்கு முன் பட்டியல் வெளியிடுகின்றன. பிக் டென் பட்டியல் ஆட்டம் தொடங்க இரண்டு மணி நேரம் முன்பாவது வந்துவிடும். அது வந்ததும் எழுதுங்கள், யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை. சூதாட்ட நிறுவன விளம்பரங்களையும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன், எவ்வளவு கொடுத்தாலும்.

விளம்பரம் என்றதும் நம்மவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. எஃப்-1 விசாவில் இருந்துகொண்டு தளத்தில் விளம்பரம் போட்டுக் காசு பார்த்தால், அது அனுமதியில்லாத வேலை என்று கருதப்படக்கூடும். எச்-1பி-யில் இருப்பவருக்கும் இதே சிக்கல் வரலாம், விசா வாங்கிக்கொடுத்த நிறுவனத்துக்குத்தான் அவர் வேலை செய்யலாம். மாதம் நாற்பது டாலருக்காக விசாவைப் பணயம் வைக்க வேண்டாம். குடிவரவு வக்கீலைக் கேட்கும் வரை தளம் உங்கள் கைச்செலவாகவே இருக்கட்டும்.

எழுதும் விஷயத்தில் பெரிய தவறு, எல்லாரும் எழுதியதையே எழுதுவது. பயிற்சியாளர் வேலை காலியானால், யாரைக் கூட்டிவருகிறார்கள் என்று கண்டுபிடிக்க விமானங்களின் பதிவு எண்ணைத் துரத்திக்கொண்டு வதந்தி எழுதப் பத்துத் தளங்கள் இருக்கும். ஈஎஸ்பிஎன் அரை மணி நேரத்தில் போட்டுவிடும் செய்தியை நீங்கள் மறுநாள் போட்டு என்ன பயன்? உங்களிடம் இருப்பது நேரமும் அக்கறையும்தான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை மறுபடி ஓடவிட்டு, பந்து எங்கே போகிறது என்று பார்க்காமல், எதிரணியைத் தடுக்கும் முன்வரிசையில் இடது கார்டாக ஆடும் பையனை மட்டும் ஒவ்வொரு ஆட்டத்துண்டிலும் பாருங்கள்: யாரைத் தடுத்தான், யாரைத் தவறவிட்டான், மூன்றாவது முயற்சியில் ஒரு கெஜம் தேவைப்பட்டபோது யார் பக்கமாக ஓடினார்கள். அறுபது எழுபது துண்டுகள் இருக்கும், பாதி நாள் போய்விடும். அந்தப் பையனைப் பற்றி வேறு யாரும் அந்த வாரம் ஒரு வரிகூட எழுதியிருக்கமாட்டார்கள்.

அமெரிக்கக் கால்பந்தும் ஆண்கள் கூடைப்பந்தும் மட்டுமே கல்லூரி விளையாட்டு என்று நடத்துவதும் அப்படியொரு தவறு. 2023 ஆகஸ்ட் 30-இல் நெப்ராஸ்கா பெண்கள் வாலிபால் ஆட்டத்துக்கு மைதானத்தில் கூடியவர்கள் 92,003 பேர். 2024-இல் பெண்கள் கூடைப்பந்து இறுதி ஆட்டத்தை 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள், ஆண்கள் இறுதியைவிட அதிகம். பல வருடமாக அந்த அணிகளை எழுதிவந்த சின்னத் தளங்களுக்குத்தான் அன்றைக்குச் சொல்ல விஷயம் இருந்தது. உங்கள் கல்லூரியிலும் நீச்சலோ மல்யுத்தமோ யாரும் கவனிக்காமல் நன்றாக நடந்துகொண்டிருக்கும், போய்ப் பாருங்கள்.

கடைசியாக, அடுத்தவன் நிலத்தில் வீடு கட்டாதீர்கள். 2019 டிசம்பரில் கலிஃபோர்னியாவில் ஃப்ரீலான்ஸ் வேலை பற்றிய சட்டம் மாறப்போகிறது என்றதும், ரசிகர் தளங்களை நடத்தும் எஸ்பி நேஷன் அந்த மாநிலத்திலுள்ள தன் அணித் தளங்களுக்கு எழுதிவந்த சுமார் இருநூறு பேரை ஒரே அறிவிப்பில் விலக்கியது. 2017-இல் படம் சேமித்து வைக்கும் தளமான ஃபோட்டோபக்கெட் வெளித்தளங்களில் படம் காட்ட வருடத்துக்கு 399 டாலர் கேட்டபோது, பல ஆண்டு ஆட்டப் பதிவுகளில் படம் இருந்த இடமெல்லாம் வெற்றுப் பெட்டியாகிவிட்டது. டொமைன் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், தானாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். படங்கள் உங்கள் சர்வரில், வாரம் ஒரு பேக்கப் வேறொரு இடத்தில். நீங்கள் பட்டம் முடித்து வேறு ஊர் போவது நிச்சயம் என்பதால், கடவுச்சொற்களை நம்பிக்கையான இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள். ஆகஸ்ட் கடைசியில் சீசன் தொடங்கிவிட்டால் இதற்கெல்லாம் நேரம் இருக்காது, ஜூலையிலேயே முடித்துவிடுங்கள்.