கிராஃபினியின் வாழ்க்கையை மொட்டைமாடியில் நாடகமாகப் போடுவது எப்படி

முதலில், பிறந்ததிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பிரெஞ்சு எழுத்தாளர் பிரான்சுவாஸ் தெ கிராஃபினி 1695-இல் பிரான்ஸ் பக்கம் நான்சியில் பிறந்தார், 17 வயது முடியுமுன் கல்யாணம், அடிக்கிற புருஷன், மூன்று குழந்தைகளும் சின்னதிலேயே போய்விட்டன, 1725-இல் விதவை. இதையெல்லாம் நம்ம கூத்துக் கட்டியக்காரன் வந்து இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போகட்டும்.

அரைமணி நேர நாடகம் என்றால் பாதியைச் சிரே மாளிகைக்குக் கொடுங்கள். 1738 டிசம்பரில் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேரும் அவருடைய துணைவி, அறிவியலாளர் எமிலி து ஷாத்லேயும் இருந்த அந்த வீட்டுக்கு விருந்தாளியாகப் போனவர், நண்பர் தெவோவுக்கு (செல்லப்பெயர் பான்பான், நம் காதுக்கு லாரி ஹாரன்தான்) ஓயாமல் கடிதம் எழுதுகிறார். வோல்டேர் வெளியே விடாத ஒரு கவிதையைப் பற்றி அதில் எழுத, தெவோ அதைப் புகழ்ந்து பதில் போட, அந்தக் கடிதம் எமிலி கையில் பிரிந்துவிட, அன்று ராத்திரி ஒரே ரகளை. கவிதையை நகல் எடுத்து அனுப்பிவிட்டாள் என்று எமிலி கத்துகிறார். கிராஃபினி எழுதியதோ கதைச்சுருக்கம் மட்டும். கையில் காசில்லை, உடனே கிளம்பவும் வழியில்லை. கடிதத்தை நிஜமாகவே அரக்கு வைத்து ஒட்டுங்கள், பிரிக்கிற சத்தம் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்.

உடைக்குச் சென்னை எம்.சி. ரோட்டில் கட் பீஸ் போதும். இடுப்புக்கு இரண்டு பக்கமும் சின்னத் தலையணை கட்டி மேலே பாவாடையை விட்டால் அந்தக் காலத்து கவுன் வந்துவிடும்.

அப்புறம் கயிறு. 1747-இல் வந்த அவருடைய ‘பெரு நாட்டுப் பெண்ணின் கடிதங்கள்’ நாவலில், கடத்தப்பட்ட இன்காப் பெண் சீலியா காதலனுக்குக் கயிற்று முடிச்சுகளால் எழுதுகிறாள், கயிறு தீர்ந்ததும் பிரெஞ்சு கற்றுக்கொள்கிறாள். ஒரு தடித்த கயிற்றைக் குறுக்கே கட்டி அதிலிருந்து மற்றவற்றைத் தொங்கவிடுங்கள். காசிமேட்டில் வலை பின்னுகிற அண்ணன்களிடம் கேட்டால் மிச்சக் கயிறு கிடைக்கும். வழவழப்பான நைலான் மட்டும் வேண்டாம், எங்களுக்குப் பாதி வசனத்தில் முடிச்சு அவிழ்ந்து, சீலியாவே சிரித்துவிட்டாள்.

1750-இல் பாரிஸின் கொமேதி பிரான்சேஸ் அரங்கில் ‘செனி’ நாடகம் ஓகோவென்று ஓடியதையும், 1758-இல் அடுத்த நாடகம் விழுந்ததையும், அதே வருஷம் அவர் இறந்ததையும் கட்டியக்காரனே சொல்லிவிடலாம்.

கடைசிக் காட்சி சீலியாவுக்கு. கடத்தியவர்களிடமிருந்து தன்னைக் காப்பாற்றிய பிரெஞ்சுக்காரனைக் கட்டிக்கொள்ளாமல் தன் வீடும் புத்தகமுமாக இருந்துவிடுகிறாள். “ஏன்டி, அவனைக் கட்டிக்கினா என்னா?” என்று முன்வரிசை ஆயா கேட்பார். அன்றைய வாசகர்களும் இதையேதான் கேட்டார்கள், கிராஃபினி முடிவை மாற்றவில்லை. நீங்களும் மாற்றாதீர்கள்.