தொட்டி ஸ்டாண்டில் முறுக்கிக்கொண்ட சேனல்

மொட்டைமாடியில் 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. தண்ணீர் மட்டுமே ஒரு டன். தாங்கியிருந்தவை ஐ.எஸ்.எம்.சி. 100 (இந்தியத் தர அளவு) சேனல்கள், அதாவது 'ப' வடிவ இரும்புச் சட்டங்கள்: 100 மி.மீ. உயரம், 50 மி.மீ. இறக்கை (பக்கவாட்டில் நீளும் தகடு), மீட்டருக்குச் சுமார் 9.5 கிலோ. தொட்டி நிரம்பியபோது சேனல் வளையவில்லை, பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டது.

காரணம் அதன் 'ப' வடிவம்தான். ஐ-பீமுக்கு இரண்டு பக்கமும் இறக்கை. சேனலுக்கு ஒரு பக்கம் மட்டுமே. அதன் வெட்டுமையம் (எந்தப் புள்ளி வழியாகப் பாரம் இறங்கினால் சட்டம் முறுக்காதோ அது) முதுகுக்கு, அதாவது நிற்கும் தகட்டுக்கு, வெளியே விழுவதால், மேலே வைக்கும் பாரம் அதைத் திருப்பவும் பார்க்கும். சிலர் சேனலைப் படுக்கப்போட்டு விடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், விறைப்பு ஏழில் ஒரு பங்காகிவிடும்.

தொட்டியைக் காலிசெய்து இறக்கினோம். ஒவ்வொரு சேனலுக்கும் எதிரே அதே அளவில் இன்னொன்றை வைத்து, இறக்கை நுனிகளைச் சேர்த்துப் பெட்டியாக்கினோம். ஒரே மூச்சில் வெல்டிங் செய்தால் சூட்டில் கோணிவிடும். விட்டுவிட்டுப் பற்றவைத்து, அப்புறம் இடைவெளிகளை நிரப்பினோம். இரு முனைகளையும் தகடு வைத்து அடைப்பது முக்கியம், உள்ளே ஈரம் போனால் வெளியே தெரியாமலே துருவேறும். கடைசியில் ரெட் ஆக்ஸைடு பிரைமர், அதன்மேல் எனாமல்.

இப்போது தொட்டி நிரம்பினாலும் சேனல் திரும்புவதில்லை.