சபைக்குள் இருந்தும் வளராமல் போவது ஏன்? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் பல சபைகளில் புதிய ஆண்டுக்கென்று ஒரு வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை கொடுக்கிறார்கள். வீட்டில் எல்லாருடைய அட்டையையும் வாங்கி வாசித்துப் பார்ப்பதும், பீரோ கதவில் ஒட்டி வைப்பதும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களின் அன்பான வழக்கம். அதை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த ஒரு வசனமே ஆண்டு முழுவதற்குமான வேதவாசிப்பாகிவிடும் வீடுகள் நிறைய இருக்கின்றன. நம்முடைய ஆவிக்குரிய வளர்ச்சி முதலில் தடைபடுவது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

அந்த அட்டைகளில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." வேலைக்கும் வரனுக்கும் விசாவுக்கும் காத்திருக்கிறவர்கள் இதைப் பற்றிக்கொள்கிறார்கள். இந்த வசனம் யாருக்கு எழுதப்பட்டது? நேபுகாத்நேச்சார் சிறைபிடித்துப் பாபிலோனுக்குக் கொண்டுபோன மக்களுக்கு. அதற்கு முந்தைய வசனம், எழுபது வருஷம் நிறைவேறின பின்பே நீங்கள் திரும்புவீர்கள் என்கிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் அந்த நாளைக் காணப்போவதில்லை. அவர்களிடம்தான், வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று தேவன் சொல்கிறார். இதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக அறிவித்தான். கேட்க இனிமையாக இருந்த அந்த வார்த்தை பொய்யாகப் போனது.

பரீட்சை எழுதப் போகும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கும் பிலிப்பியர் 4:13-ம் அப்படித்தான். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று எழுதியபோது பவுல் சிறைக்காவலில் கட்டப்பட்டிருந்தார். அதற்கு முந்தைய வசனத்தில், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் பழகினேன் என்கிறார். வெற்றி கிடைக்காதபோதும் நிலைத்து நிற்கும் பெலனைத்தான் அவர் சொல்கிறார். இந்தப் பின்னணி தெரியாத பிள்ளை மதிப்பெண் குறைந்த அன்று வசனத்தின்மேலேயே நம்பிக்கை இழக்கிறது. அந்தக் காயத்தோடு சபையை விட்டு விலகிப்போன வாலிபர்கள் இருக்கிறார்கள்.

இதற்குப் பரிகாரம் கடினமானதல்ல. பிலிப்பியர் நிருபம் மொத்தமே நான்கு அதிகாரம். ஒரு மாலையில் முழுவதையும் சத்தமாக வாசித்துவிடலாம். மாற்கு சுவிசேஷம் பதினாறு அதிகாரம். தென்னிந்தியத் திருச்சபையான சிஎஸ்ஐ சபைகளில் ஒவ்வொரு ஞாயிறும் வாசிக்கப்போகும் வேதபாடங்கள் முன்கூட்டியே அட்டவணையாக வருகின்றன. சனிக்கிழமை இரவு குடும்ப ஜெபத்தில் அவற்றை வாசித்துவிட்டு ஆலயத்துக்குப் போய்ப் பாருங்கள், பிரசங்கத்தை நீங்கள் கேட்கும் விதமே மாறிவிடும். தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தது 1715-இல். முந்நூறு வருஷத்துக்கு மேலாக நம் கையில் இருக்கும் புத்தகம் இது. ஒரு வரியோடு அதை மூடி வைக்க வேண்டாம்.

கேட்டுக்கொண்டே இருப்பது

காலையில் யூடியூபில் ஒரு செய்தி, பயணத்தில் இன்னொன்று, மே மாதம் கன்வென்ஷன், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். இத்தனை கேட்கிறவர்களிடம், போன வாரம் கேட்டதில் எதைச் செய்து பார்த்தீர்கள் என்று விசாரித்தால் பதில் வராது. பெரோயா பட்டணத்தார் நற்குணசாலிகள் என்று அப்போஸ்தலர் 17:11 சொல்வதற்குக் காரணம் உண்டு. கேட்டது பவுலின் வாயிலிருந்து வந்த செய்தியே ஆனாலும், காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று அவர்கள் தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்த்தார்கள். நாமோ பிரசங்கியாரின் குரல் உயர்ந்தால் "ஆமென்" சொல்லிவிட்டு, அடுத்த காணொளிக்குப் போய்விடுகிறோம்.

இன்னொரு பக்கம், திடப்படுத்தல் வகுப்போடு கற்றலை முடித்துக்கொள்கிறவர்கள். பதினைந்து பதினாறு வயதில் விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கற்பனைகளையும் மனப்பாடம் செய்து, பேராயர் கைவைத்து ஆசீர்வதித்து, அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தை முதல்முறை எடுத்தாகிவிட்டது. அதற்குப்பின் முப்பது நாற்பது வருஷம் புதிதாக ஒன்றும் கற்பதில்லை. "போதகராயிருக்கவேண்டிய உங்களுக்கு" மூல உபதேசங்களையே மறுபடியும் சொல்லவேண்டியிருக்கிறதே என்று எபிரெயர் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் வருந்துவது இந்த நிலையைத்தான். வளர்ந்துவிட்டோமா என்று அறிய ஒரு நேர்மையான சோதனை இருக்கிறது: ஓய்வுநாள் பள்ளியில் ஒரு வகுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். பத்து வயதுப் பிள்ளை கேட்கும் முதல் கேள்வியிலேயே நமக்கு எது தெரியும், எது தெரியாது என்று வெளிச்சமாகிவிடும்.

வந்து போவதும், சேர்ந்து வாழ்வதும்

ஆராதனைக்கு வராதவர்களைக் கண்டிக்க நாம் எடுக்கும் வசனம் எபிரெயர் 10:25, "சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல நாமும் விட்டுவிடாமல்." அந்த வாக்கியம் அங்கே முடியவில்லை, "ஒருவருக்கொருவர் புத்திசொல்லக்கடவோம்" என்று தொடர்கிறது. அதற்கு முந்தைய வசனமோ, அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் நாம் ஏவப்படும்படி ஒருவரையொருவர் கவனிக்கச் சொல்கிறது. கூடிவருவதன் நோக்கமே அது. இரண்டாம் மணி அடித்தபின் வந்து, திருவிருந்து எடுத்ததும் செருப்பைத் தேடிக் கிளம்பினால் யார் யாரைக் கவனிக்க முடியும்? பல வருஷமாக ஒரே வரிசையில் உட்கார்ந்தும் பக்கத்தில் இருப்பவரின் பெயர் தெரியாதவர்கள் நம்மிடையே உண்டு.

1910-இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா பேசினார். இரண்டு வருஷத்துக்குப்பின் தெலுங்குப் பகுதியிலுள்ள தோர்ணக்கல்லின் பேராயரானவர் அவர். மிஷனெரிமார் ஆஸ்தியையும் கொடுத்தார்கள், சரீரத்தையும் கொடுத்தார்கள், ஆனால் எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்று அவர்கள் முகத்துக்கு நேரே கேட்டார். அந்த வேண்டுகோள் இன்று நமக்குள்ளேயே எழுப்பப்பட வேண்டியது. நிதியுதவியும் நோயுற்றோர் நிதியும் இருக்கும் சபையில்கூட, துக்கம் நடந்த வீட்டுக்கு நாற்பதாம் நாளுக்குப்பின் யாரும் போவதில்லை. ஞாயிறு மதியம் தனியாக இருக்கும் ஒரு முதியவர் வீட்டில் உட்கார்ந்து ஒரு சங்கீதம் வாசித்து, அவர் பேசுவதை அரைமணி நேரம் கேட்பது பெரிய ஊழியம். அதற்கு எந்தப் பதவியும் தேவையில்லை.

பதவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சில சபைகள் சேர்ந்த சேகரத்தின் கமிட்டித் தேர்தலும், பல சேகரங்கள் சேர்ந்த திருமண்டலத்தின் தேர்தலும் வரும்போது சபை அணி அணியாகப் பிரிகிறது, சிலநேரம் வழக்கு நீதிமன்றம் வரை போகிறது. செபெதேயுவின் குமாரர் வலதுபுறமும் இடதுபுறமும் இடம் கேட்டபோது இயேசு கொடுத்த பதில் மாற்கு பத்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. வாக்குச்சீட்டு வாங்கும் முன் எல்லாரும் அதை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

அதைவிடக் கவனிக்கப்படாத ஒரு தவறு, மனமுள்ள நாலு பேரிடமே எல்லா வேலையையும் சுமத்துவது. கீபோர்டு வாசிக்கும் பையன் வாலிபர் ஐக்கியச் செயலாளராகவும் இருப்பான், விடுமுறை வேதாகமப் பள்ளியான விபிஎஸ் நடத்துவான், கிறிஸ்துமஸ் கரோல் ரவுண்ட்ஸில் முன்னால் நிற்பான். பிரசங்க நேரத்தில் ஸ்பீக்கர் ஒயரைச் சரிபார்த்துக்கொண்டிருப்பான். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியைகள் பலர் பெரியவர்களின் ஆராதனையில் முழுமையாக உட்கார்ந்தே நாளாகியிருக்கும். இயேசுவை வீட்டில் ஏற்றுக்கொண்டு, பற்பல வேலைகளைச் செய்வதில் வருத்தமடைந்த மார்த்தாள்போல, இவர்கள் களைத்துச் சோர்ந்து ஒருநாள் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறாவது அவர்களுக்கு ஓய்வு கொடுங்கள். அந்த இடத்தை நிரப்ப முன்வருவது உங்களுடைய பங்கு.

ஜெபக்குறிப்பு என்ற பெயரில்

இதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. ஜெபக்கூட்டத்தில் ஒரு தாய் அழுதுகொண்டே, மகன் குடிக்கிறான், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்கிறாள். மறுநாள் காலைக்குள் அது சேகரத்தின் நாலு வாட்ஸ்அப் குழுக்களில் பெயரோடு வந்துவிடுகிறது. அனுப்பியவர்களின் மனதில் கெட்ட எண்ணம் இல்லாமல் இருக்கலாம், எல்லாரும் ஜெபிக்கட்டும் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் அந்தப் பையன் இனி ஆலய வாசலை மிதிக்க மாட்டான், அந்தத் தாயும் இனி வாய் திறக்க மாட்டாள். "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்று யாக்கோபு 5:16 சொல்கிறது. கேட்டது வெளியே போகாத இடத்தில் மட்டுமே மனிதர் அப்படி அறிக்கையிடுவார்கள். சொன்னவரின் சம்மதம் இல்லாமல் எந்த ஜெபக்குறிப்பையும் இன்னொருவருக்குச் சொல்லக் கூடாது. "ஒரு சகோதரிக்காக ஜெபிப்போம்" என்றாலே போதும், யார் என்று தேவனுக்குத் தெரியும். ஒருவர்மேல் மனத்தாங்கல் இருந்தால் மத்தேயு 18:15 சொல்கிறபடி முதலில் அவரும் நாமும் தனித்திருக்கும்போது பேச வேண்டும். குருவானவராகிய ஐயரிடம் சொல்வதும் கமிட்டிக்கு மனு எழுதுவதும் அதற்குப் பிறகுதான்.

ஒரே அப்பம், தனித்தனிப் பந்தி

எனக்கு மிகுந்த பாரமாக இருக்கும் தவறு இது. திருவிருந்துக்கு முன் "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து" என்று வாசிக்கக் கேட்டதும், நாம் அந்த வாரத்தில் செய்த தனிப்பட்ட பாவங்களை எண்ணிப் பார்க்கிறோம். அது சரியே. ஆனால் 1 கொரிந்தியர் 11-இல் பவுல் கோபப்பட்ட காரணம் வேறு. சாப்பாடு உள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு வெட்கப்பட்டு நின்றார்கள். சகோதரனைச் சகோதரனாக நடத்தாமல் கர்த்தருடைய பந்தியில் உட்கார்ந்ததே அங்கே குற்றம்.

தமிழ்ச் சபையில் இந்தக் குற்றத்துக்குச் சாதி என்று பெயர். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சாவூரில் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. அதற்குப்பின் இரண்டு நூற்றாண்டு ஆகப்போகிறது. இன்றும் தனிக் கல்லறைத் தோட்டங்கள் இருக்கும் ஊர்கள் உண்டு, தேர்தலில் சாதி பார்த்து ஓட்டுக் கேட்பது உண்டு, "நம்ம ஆட்களா" என்று விசாரித்துவிட்டே வரன் பேசுவதும் உண்டு. ஆவியின் ஏவுதலால் வரும் அந்நியபாஷையில் மணிக்கணக்கில் ஜெபித்தாலும் இந்த இடத்தில் மாறாத ஒருவர் வளர்ந்திருக்கிறார் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் நடக்கும் அசனம் நமக்கு ஒரு நல்ல வாய்ப்பு. ஊரே ஒரே சோற்றை, ஒரே குழம்பைச் சேர்ந்து உண்ணும் நாள் அது. சொந்தக்காரர்களோடு ஓர் ஓரமாக உட்காராமல், இதுவரை பேசாத ஒரு குடும்பத்தோடு அன்று சாப்பிடுங்கள். அடுத்த வாரம் அவர்களை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், அவர்கள் கூப்பிட்டால் போய்ச் சாப்பிடுங்கள். பேதுருவை அந்தியோகியாவில் பவுல் முகமுகமாய் எதிர்த்ததும், யூதரல்லாத விசுவாசிகளோடு உண்ட சாப்பாட்டுப் பந்தியை விட்டு அவர் விலகியதற்காகத்தான்.

காணிக்கையில் செய்யும் தவறு, அதை முதலீடாக நினைப்பது. இவ்வளவு விதைத்தால் இவ்வளவு மடங்கு என்று பேசுகிறவர்களுக்குக் காது கொடுக்க வேண்டாம். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கிய நம் முன்னோர், வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் தங்கள் காணிக்கையைக் கொண்டே தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியரை அனுப்பினார்கள். அந்தப் பணம் பல மடங்காகத் தங்கள் வீட்டுக்குத் திரும்பும் என்று அவர்கள் கொடுக்கவில்லை. மனதில் நியமித்த தொகையை மாதத் தொடக்கத்திலேயே எடுத்து வைப்பதும், கணக்கு வாசிக்கும் கூட்டத்துக்குத் தவறாமல் போய் அது எப்படிச் செலவாகிறது என்று மரியாதையோடு கேட்பதும் ஒரே கடமையின் இரண்டு பாதிகள்.

கடைசியாக, வேலைக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ வளைகுடாவுக்கோ போனவர்களுக்கு. பெயர் சொந்த ஊர்ச் சபையில் இருக்கும், சந்தாவும் அங்கே போகும், திருமண அறிவிப்பான ஓலையும் அங்கேதான் வாசிப்பார்கள். இருக்கும் ஊரிலோ வாரம் ஒரு சபை, இல்லையென்றால் நேரலை. இப்படிப் பத்து வருஷம் போனால் உங்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் சபை எதுவும் இருக்காது. ஊர்ச் சபையின்மேல் பாசம் இருக்கட்டும், அசனத்துக்குப் போங்கள், காணிக்கை அனுப்புங்கள். ஆனால் இருக்கும் இடத்தில் ஒரு சபையைத் தெரிந்துகொண்டு, ஊரிலிருந்து குருவானவரின் கடிதம் வாங்கிவந்து பெயரைப் பதிவு செய்யுங்கள். பிள்ளைகளை ஓய்வுநாள் பள்ளியில் சேருங்கள். ஆராதனை முடிந்ததும் கால்மணி நேரம் வாசலில் நின்று, நாலு பேரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள்.