பொடிக் கடையை வூகாமர்ஸிலிருந்து ஷாப்பிஃபைக்கு மாற்றுவது எப்படி?

எங்கள் சித்தி வீட்டில் பொடி அரைத்து விற்கிறார். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, கறிவேப்பிலைப் பொடி என்று சுமார் நாற்பது வகை. ஒவ்வொன்றும் 100, 250, 500 கிராம் பாக்கெட்டுகளில். ஆன்லைன் கடை ஐந்து வருடமாக வேர்ட்பிரஸ் தளத்தில், அதைக் கடையாக்கும் வூகாமர்ஸ் என்ற பிளகின் (கூடுதல் வசதிக்கான துணை நிரல்) போட்டு ஓடிக்கொண்டிருந்தது. பிளகின் அப்டேட், பேக்கப், திடீரென்று வெள்ளைத் திரை என்று மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அது என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தது. போன வருடம் அதை, இந்தப் பராமரிப்பைத் தானே பார்த்துக்கொள்ளும் ஷாப்பிஃபை என்ற சந்தா சேவைக்கு மாற்றினோம்.

சரக்குப் பட்டியலுக்கு இரண்டு நாள் ஒதுக்கினேன், பழைய இணைய முகவரிகளுக்கு ஒரு மணி நேரம். நேர்மாறாக ஒதுக்கியிருக்க வேண்டும். நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதபடி வேலையை அது நடக்க வேண்டிய வரிசையில் எழுதுகிறேன். புரோகிராமிங் எதுவும் தெரிய வேண்டாம். கூகுள் ஷீட்ஸில் கணக்கு எழுதத் தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு கணக்கு

இந்தியாவில் ஷாப்பிஃபையின் சொந்தப் பேமென்ட் வசதி கிடையாது. ரேஸர்பே, பேயூ மாதிரி வெளி கேட்வே (ஆன்லைனில் பணம் வசூலித்துக் கொடுக்கும் நிறுவனம்) வைத்துத்தான் பணம் வாங்க வேண்டும். அந்த கேட்வே பிடிக்கிற கமிஷன் போக, ஷாப்பிஃபையும் ஒவ்வொரு ஆர்டரிலும் தனியாக ஒரு கட்டணம் எடுக்கும். பேசிக் திட்டத்தில் அது 2 சதவீதம். மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு விற்றால் 2,000 ரூபாய், அதுவும் மாதச் சந்தாவுக்கு மேல். கேஷ் ஆன் டெலிவரிக்கு இந்தப் பிடித்தம் இல்லை.

வூகாமர்ஸ் இப்படி எதுவும் பிடிப்பதில்லை. வேர்ட்பிரஸ்ஸோடு மல்லுக்கட்டுவது உங்களுக்குப் பிடித்த வேலை என்றால் மாறவே வேண்டாம் என்பேன். சித்தி கணக்கைப் பார்த்துவிட்டு, "உன் ஞாயிற்றுக்கிழமைக்கு இது குறைச்சல்தான்டா" என்றார். அதனால் மாறினோம்.

படி 1: பழைய கடையிலிருந்து எல்லாவற்றையும் இறக்குங்கள்

முதலில் முழு பேக்கப். தளத்தின் கோப்புகளும் டேட்டாபேஸும் சேர்ந்து உங்கள் கணினிக்கு வந்துவிட வேண்டும். ஹோஸ்டிங்கிலேயே கிடக்கிற பேக்கப்பை நம்பாதீர்கள்.

அப்புறம் சரக்கு. வூகாமர்ஸில் புராடக்ட்ஸ் பக்கத்தின் மேலே எக்ஸ்போர்ட் பொத்தான் இருக்கும். அழுத்தினால் ஒரு சிஎஸ்வி கோப்பு (ஷீட்ஸில் திறக்கக்கூடிய எளிய அட்டவணை) வரும். வாடிக்கையாளர் பட்டியலை அனலிட்டிக்ஸ் பகுதியிலிருந்து இறக்கலாம். ஆனால் அதில் தெரு முகவரியும் ஃபோன் எண்ணும் வராது. அவை வேண்டுமென்றால் ஏற்றுமதிக்கென்று இருக்கும் பிளகின் ஒன்றைப் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பழைய ஆர்டர்களைப் புதுக் கடைக்குள் கொண்டுபோக ஷாப்பிஃபையில் நேரடி வழி இல்லை. மேட்ரிக்ஸிஃபை போன்ற செயலிகள் அதைச் செய்யும். சின்னக் கடைக்கு அந்தச் செலவு வீண் என்பது என் எண்ணம். ஆர்டர்களை இறக்கி இரண்டு இடத்தில் வைத்துக்கொண்டால் போதும், ஆனால் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள், அந்த ஆண்டின் ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசித் தேதி எதுவோ அதிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும் என்பது சட்டம்.

படி 2: சரக்குக் கோப்பைப் புது அச்சுக்கு மாற்றுங்கள்

இரண்டு தளமும் சிஎஸ்விதான் கேட்கின்றன என்றாலும் அச்சு வேறு. ஷாப்பிஃபை தரும் மாதிரிக் கோப்பை இறக்கி, கூகுள் ஷீட்ஸில் திறந்து, பழையதிலிருந்து நெடுவரிசை நெடுவரிசையாக எடுத்து ஒட்டுங்கள். எக்செல்தான் பழக்கம் என்றால் ஒரு எச்சரிக்கை: சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ்ப் பெயர்கள் மொத்தமும் கேள்விக்குறியாகிவிடும். யூடிஎஃப்-8 என்று போட்டிருக்கும் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாட்டுக் குறியீட்டோடு சேர்த்து எழுதிய ஃபோன் எண்களையும் எக்செல் சுருக்கி, கடைசி இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும். ஷீட்ஸில் இறக்குமதி செய்யும்போதும், எண்களைத் தானாக மாற்றும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

இட்லிப் பொடிக்கு மூன்று பாக்கெட் அளவு இருக்கிறது. வூகாமர்ஸ் கோப்பில் இதற்கு நான்கு வரிசை: தாய்ப் பொருளுக்கு ஒன்று, அளவுகளுக்கு மூன்று. ஷாப்பிஃபையில் மூன்றே வரிசை. தாய் வரிசையில் இருக்கிற பெயரும் விளக்கமும் முதல் அளவின் வரிசைக்குப் போய்விடும். மூன்று வரிசையிலும் ஹேண்டில் (இணைய முகவரியில் பொருளைக் குறிக்கும் பெயர்) ஒன்றாகவே இருக்க வேண்டும், அதை வைத்துத்தான் இவை ஒரே பொருள் என்று ஷாப்பிஃபைக்குத் தெரியும். ஆப்ஷன் பெயர் 'எடை', ஆப்ஷன் மதிப்பு '100 கிராம்', '250 கிராம்' என்று போகும். படங்கள் வூகாமர்ஸில் ஒரே கட்டத்தில் காற்புள்ளி போட்டு வரிசையாக நிற்கும். இங்கே ஒரு வரிசைக்கு ஒரு படம்தான், கூடுதல் படம் இருந்தால் அதே ஹேண்டிலோடு இன்னொரு வரிசை.

விலையில் பலரும் தடுமாறுவார்கள். வூகாமர்ஸில் வழக்கமான விலை, தள்ளுபடி விலை என்று இரண்டு நெடுவரிசை. ஷாப்பிஃபையில் விலை என்பது வாடிக்கையாளர் இப்போது கொடுக்கும் தொகை. கோடு போட்டு அடித்துக் காட்டப்படும் பழைய விலைக்கு கம்பேர் அட் பிரைஸ் என்று தனி இடம் உண்டு. பெயரைப் பார்த்து நேராக ஒட்டினால் தள்ளுபடிச் சரக்கெல்லாம் முழு விலைக்கு ஏறிவிடும்.

நான் விழுந்த குழி எடை. எங்கள் வூகாமர்ஸ் எடையைக் கிலோவில் வைத்திருந்தது, 250 கிராம் என்றால் 0.25. ஷாப்பிஃபை கோப்பில் எடைக்கான நெடுவரிசை கிராமில். நான் 0.25-ஐ அப்படியே ஒட்டிவிட்டேன். கால் கிலோ பாக்கெட், கால் கிராம் ஆனது. எங்கள் கூரியர் கட்டணம் எடையைப் பொறுத்தது. நான்கு நாள் கழித்து சித்தி ஃபோன் செய்தார்: "என்னடா, மூணு கிலோ பார்சலுக்கும் அம்பது ரூபாதான் வாங்கியிருக்கு?" அதற்குள் பதினொரு பார்சல் போய்விட்டது. ஆயிரத்தால் பெருக்க மறந்ததற்கு அபராதம்.

படி 3: ஐந்து சரக்கை மட்டும் ஏற்றிப் பாருங்கள்

முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் ஏற்றாதீர்கள். ஐந்து பொருள், அதில் இரண்டு பல அளவுகளில் வருபவை, ஒன்று தள்ளுபடியில் இருப்பது. ஏற்றிவிட்டுக் கைப்பேசியில் திறந்து ஒவ்வொன்றையும் பாருங்கள். சரியாக இருந்தால் மீதி. ஒரு கோப்பு 15 எம்பிக்கு மேல் போகக் கூடாது. பொடிக் கடைகள் அந்த எல்லையைத் தொடவே தொடாது.

நீங்கள் கொடுக்கிற படமுகவரிக்குப் போய் ஷாப்பிஃபை ஒவ்வொரு படத்தையும் தானே பிரதி எடுத்துக்கொள்ளும். அப்படியானால் அந்த நேரம் பழைய கடை திறந்திருக்க வேண்டும். டொமைனை, அதாவது கடையின் இணையப் பெயரை, புதுக் கடைக்குத் திருப்பிய பிறகு சரக்கு ஏற்றினால் படம் ஒன்றுகூட வராது.

படி 4: வரி, பில் எண், பணம்

நம் ஊரில் பாக்கெட்டில் போடும் விலை வரியோடு சேர்த்துத்தான். ஷாப்பிஃபை அமைப்புகளில் வரிப் பகுதிக்குப் போய், விலையில் வரி அடங்கியிருக்கிறது என்ற டிக்கைப் போடுங்கள். விட்டுவிட்டால் செக்அவுட்டில் விலைக்கு மேல் வரி ஏறும், வாடிக்கையாளர் கூடையோடு போட்டுவிட்டுப் போய்விடுவார்.

ஷாப்பிஃபையின் ஆர்டர் எண் 1001-இலிருந்து தொடங்கும். பழைய கடையிலும் அந்த எண் ஒருமுறை வந்திருக்கும். ஆர்டர் எண்ணையே பில் எண்ணாகவும் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: ஜிஎஸ்டி விதிப்படி ஒரு நிதியாண்டுக்குள் பில் எண் இரண்டு முறை வரக் கூடாது, 16 எழுத்துக்கு மேலும் போகக் கூடாது. எண்ணுக்கு முன்னால் ஓரிரு எழுத்து முன்னொட்டாகப் போட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது. ஜெனரல் அமைப்பில் அதற்கு இடம் இருக்கிறது.

பேமென்ட் கேட்வேயைப் பழைய கணக்கிலேயே இணைக்கலாம். பழைய ஆர்டருக்குப் பணம் திருப்ப வேண்டி வந்தால் இனி கேட்வேயின் டாஷ்போர்டில் போய்த்தான் செய்ய வேண்டும், அதன் பாஸ்வேர்டைத் தேடி எடுத்து வையுங்கள். கூப்பன்களையும் ரிட்டர்ன் கொள்கைப் பக்கங்களையும் கையாலேயே தட்டச்சு செய்துவிட்டேன். அரை மணி நேர வேலை.

படி 5: வாடிக்கையாளர்கள்

பெயர், மெயில், முகவரி எல்லாம் சிஎஸ்வியாக ஏறும். பாஸ்வேர்டு ஏறாது. ஷாப்பிஃபையின் புதிய வாடிக்கையாளர் கணக்கில் பாஸ்வேர்டே கிடையாது, மெயிலுக்கு வரும் ஆறு இலக்க எண்ணைப் போட்டு நுழைவார்கள். இதை முன்கூட்டியே ஒரு மெயிலில் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் "பாஸ்வேர்டு கேட்க மாட்டேங்குது, இது உங்க கடைதானா?" என்று ஃபோன் வரும், எங்களுக்கு வந்தது. விளம்பர மெயிலுக்குச் சம்மதித்தவர்களுக்கு மட்டும் சம்மத நெடுவரிசையில் ஆம் போடுங்கள்.

படி 6: இணைய முகவரிகள்

வூகாமர்ஸில் ஒரு பொருளின் பக்கம் 'புராடக்ட்' என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும். ஷாப்பிஃபையில் 'புராடக்ட்ஸ்'. ஒரே ஒரு எழுத்து. அந்த ஒரு எழுத்தால், ஐந்து வருடமாகக் கூகுளில் ஏறி உட்கார்ந்த பக்கங்களும், வாட்ஸ்அப்பில் பகிரப்பட்ட இணைப்புகளும், யாரோ ஒரு புண்ணியவதி தன் சமையல் பதிவில் கொடுத்த லிங்க்கும் 'பக்கம் இல்லை' என்று கைவிரிக்கும். வகைப் பக்கங்களும் அப்படியே: அங்கே 'புராடக்ட்-கேட்டகரி', இங்கே 'கலெக்ஷன்ஸ்'.

இதற்கு மருந்து ரீடைரக்ட், அதாவது பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகப் புது முகவரிக்குத் திருப்பிவிடுவது. பழைய முகவரி ஒரு நெடுவரிசை, புது முகவரி இன்னொன்று. இரண்டிலும் டொமைன் பெயரை விட்டுவிட்டு, சாய்கோட்டிலிருந்து தொடங்கி எழுத வேண்டும். ஷாப்பிஃபையில் யூஆர்எல் ரீடைரக்ட்ஸ் என்ற பக்கத்தில் இந்தக் கோப்பை ஏற்றலாம். எங்களுக்கு எழுபது சொச்சம் வரிசை வந்தது.

பழைய முகவரிகளை எங்கே எடுப்பது? எங்களுக்கு வந்த சரக்குக் கோப்பில் முகவரிக்கான நெடுவரிசையே இல்லை. தளத்தின் சைட்மேப்பைத் திறந்தால் எல்லாப் பக்கமும் வரிசையாகக் கிடைக்கும். கூடவே, தேடலில் உங்கள் தளத்தின் நிலையைக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலின் பெர்ஃபாமன்ஸ் பகுதியில் பக்கங்கள் பட்டியலை இறக்குங்கள். உண்மையில் ஆள் வந்துபோகும் பக்கங்கள் எவை என்று அதில் தெரியும், அவற்றில் ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது.

பொருளுக்குத் தமிழில் பெயர் வைத்தவர்கள் இன்னும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். முகவரிக்குள் போகும் ஒவ்வொரு தமிழ்க் குறியையும் வேர்ட்பிரஸ் சதவீதக் குறி கலந்த ஒன்பது எழுத்தாக விரித்து எழுதுகிறது. 'பொ' என்பதில் ப ஒரு குறி, கொம்பும் காலும் சேர்ந்து இன்னொரு குறி. மொத்தத்துக்கு இருக்கும் இடம் 200 எழுத்து. ஆக இருபத்திரண்டு குறியோடு பெயர் அறுந்துவிடும். எங்கள் 'செட்டிநாடு கறிவேப்பிலைப் பொடி'யின் முகவரியில் பொடி இல்லை, செட்டிநாடு கறிவேப்பிலையோடு நின்றுவிட்டது. எனவே பெயரைப் பார்த்துப் பழைய முகவரியை ஊகிக்காதீர்கள். சதவீதக் குறிகளோடு எப்படி இருக்கிறதோ அப்படியே பிரதி எடுங்கள். புதுக் கடையில் பெயர் தமிழில் இருக்கட்டும், ஹேண்டிலை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக நீங்களே கொடுத்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். அதே முகவரியில் புதுக் கடையில் ஒரு பக்கம் இருந்தால் ரீடைரக்ட் வேலை செய்யாது. 'ஷாப்' என்று தொடங்கும் முகவரிகளை ஷாப்பிஃபை திருப்பிவிட அனுமதிப்பதும் இல்லை. வூகாமர்ஸ் கடைகளின் முதன்மைப் பக்கம் பெரும்பாலும் அதே 'ஷாப்'தான். இன்ஸ்டாகிராம் பயோவிலோ பாக்கெட் லேபிளிலோ அதைக் கொடுத்திருந்தால் முகப்புப் பக்கத்துக்கு இப்போதே மாற்றுங்கள்.

படி 7: மாற்றும் இரவு

தீபாவளிக்கு முந்தைய மாதம் கூடவே கூடாது. நாங்கள் ஒரு புதன்கிழமை இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தோம். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பது சித்தியின் காரணம். வியாழன், வெள்ளி இரண்டும் வேலை நாள், சிக்கல் வந்தால் உதவி எண்ணில் ஆள் எடுப்பார்கள் என்பது என் காரணம்.

முந்தின நாளே டொமைன் வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் பதிவுகளின் (டொமைன் எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்று சொல்பவை) டிடிஎல் மதிப்பை, அதாவது பழைய பதிவு இணையத்தில் நினைவில் இருக்கும் நேரத்தை, 300 விநாடிக்குக் குறைத்து வையுங்கள். இரவு முதலில் பழைய கடையில் ஆர்டர் வாங்குவதை நிறுத்துங்கள். கடைசி இருப்பு எண்ணிக்கையை இறக்கிப் புதுக் கடையில் ஏற்றுங்கள். முதல் ஏற்றுமதிக்கும் இன்றைக்கும் நடுவில் விற்றது அதில் சரியாகிவிடும். பிறகு டிஎன்எஸ்: ஏ ரெக்கார்டு 23.227.38.65 என்ற எண்ணுக்கும், டபிள்யூடபிள்யூடபிள்யூ-வின் சிநேம் ரெக்கார்டு ஷாப்ஸ் டாட் மைஷாப்பிஃபை டாட் காம் என்பதற்கும் போக வேண்டும். எம்எக்ஸ் ரெக்கார்டுகளைத் தொடவே வேண்டாம், அவை உங்கள் மெயிலுக்கானவை.

ஷாப்பிஃபை கடைக்கு ஆரம்பத்தில் ஒரு பாஸ்வேர்டு பூட்டு இருக்கும், அதை எடுங்கள். எடுக்க மறந்துவிட்டுக் காலையில் ஆர்டரே வரவில்லையே என்று கவலைப்படுவது சகஜம். கடைசியாக உங்கள் சொந்த யூபிஐயில் ஒரு பாக்கெட் வாங்கி, மெயில் வருகிறதா என்று பார்த்து, பணத்தைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு

சர்ச் கன்சோலில் புது சைட்மேப்பைச் சமர்ப்பியுங்கள். டொமைன் மாறவில்லை என்பதால் முகவரி மாற்றக் கருவி தேவையில்லை. ஒரு மாதம், வாரம் ஒருமுறை 'பக்கம் இல்லை' பட்டியலைப் பார்த்து விட்டுப்போன ரீடைரக்டுகளைச் சேருங்கள். ரீடைரக்டுகளைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். நான் அழிக்கப்போவதே இல்லை, அவை காசு கேட்பதில்லை. பழைய ஹோஸ்டிங்கை மட்டும் இரண்டு மாதம் கழித்து நிறுத்தினேன்.

சித்தியிடம் பழைய விசிட்டிங் கார்டு முந்நூறு மிச்சம் இருக்கிறது. முகவரியின் கடைசியில் இருக்கும் 'ஷாப்' என்ற சொல்லை மட்டும் பேனாவால் அடித்துவிட்டு, அதையேதான் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.