மலாயாவுக்குப் போன தமையன்: யாழ்ப்பாணத்தில் உறவு தேடத் தொடங்குகிறவர்களுக்கு

என் அம்மம்மாவின் தமையன் மலாயா ரயில்வேயில் கிளாக்கர் வேலைக்குப் போனவர். 1941 முடியும்வரை கடிதம் வந்தது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூரும் யப்பான்காரர் கையில் விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. சாகும்வரை தபாற்காரரின் சைக்கிள் மணி கேட்டால் அம்மம்மா படலையைத்தான் பார்ப்பார்.

அந்தத் தமையனின் பேரப்பிள்ளைகளைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடம் எடுத்தது. அதில் இரண்டு வருடம் பிழையான வழியில் போனது. உங்களுக்கு அந்த இரண்டு வருடமாவது மிச்சமாகட்டும்.

பிழையான வழி, பெயரைப் பிடித்துக்கொண்டு தேடியதுதான். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனின் பெயர் பிள்ளைக்கு முன்னெழுத்தாகும். அடுத்த தலைமுறையில் அதுவும் போய்விடும். பெண்களின் பெயர் கலியாணத்தோடு புருஷன் பெயருக்குப் பின்னால் மறைந்துவிடும். கந்தையா, சின்னத்தம்பி என்று தேடினால் ஊருக்குப் பத்துப்பேர் வருவார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பத்தைத் தலைமுறை தாண்டிக் கொண்டுவருவது காணியும் கோயிலும் செத்தவீடும்தான். தேடலை அங்கிருந்து தொடங்குங்கள்.

முதற்படி: வயதுபோனவர்களோடு கதையுங்கள்

இதை இந்தக் கிழமையே செய்யுங்கள். உறுதி, அதாவது காணிப் பத்திரம், நாளைக்கும் அலுமாரியில் இருக்கும்; ஆச்சி இருப்பா என்று சொல்ல முடியாது. போனில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, கொப்பியோடு பக்கத்தில் இருங்கள். "உங்கட பூட்டன்ர பேர் என்ன?" என்று கேட்டால், "ஆருக்கு மோனை அதெல்லாம் ஞாபகம்" என்று முடித்துவிடுவார்கள். "இந்த வளவு முந்தி ஆற்றை?", "உங்கட கலியாணவீட்டுக்கு ஆர் கோவத்தில வரேல்லை?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பின்னேரம் போதாது.

ஒரு கவனம். எங்கள் பேச்சில் பேரன் என்றால் பாட்டனும்தான், பேரப்பிள்ளையும்தான். பேத்தியும் அப்படியே. யாரைச் சொல்கிறார்கள் என்று அந்த இடத்திலேயே கேட்டு எழுதுங்கள். நான் கேட்காமல் விட்டு, ஒரு தலைமுறையையே தலைகீழாகப் போட்டு வைத்திருந்தேன்.

இரண்டாம்படி: உறுதி

1995 ஒக்டோபர் 30இல் போருக்குப் பயந்து, யாழ்ப்பாண நகரைச் சுற்றியுள்ள வலிகாமமே ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது, எதை விட்டாலும் உறுதியை விடாமல் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் பலர். எங்கள் வீட்டிலும் அது ஒரு சீலைப் பையில் மூன்று ஊர் சுற்றித் திரும்பி வந்தது. அதைக் காணிக் கடுதாசி என்று நினைக்காமல், குடும்பக் கதை என்று நினைத்து வாசியுங்கள்.

காணியின் பெயரையும் பரப்புக் கணக்கையும் தாண்டி, நாலு எல்லைக்கு வாருங்கள். கிழக்கு இன்னார், வடக்கு இன்னார், தெற்கு ஒழுங்கை, மேற்கு இன்னார் பெண்சாதி இன்னார் என்று எழுதியிருக்கும். தாய் தகப்பனின் காணியைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருப்பதால், எல்லைக்காரர் பெரும்பாலும் கூடப்பிறந்தவர்கள். பிறகு, காணி எப்படி வந்தது என்ற வரி: பரம்பரையாக வந்த முதுசமா, சீதனமா, விலைக்கு வாங்கியதா? 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் கொண்டுவந்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை, பெண்வழிச் சொத்தைச் சீதனம் என்று தனியாக வைத்தது. அதனால் வேறெந்தப் பதிவிலும் காணாத பெண்களின் பெயர் சீதன உறுதியில் கிடைக்கும். முந்திய உறுதியின் இலக்கம், திகதி, உறுதியை எழுதிய நொத்தாரிசின் பெயர் மூன்றையும் குறித்துக்கொண்டு காணிப் பதிவகத்துக்குப் போனால், ஒன்றைப் பிடித்து மற்றதற்குப் பின்னால் போகலாம்.

அம்மம்மாவின் சீதன உறுதியில், வடக்கு எல்லையில் தமையனின் பெயர் இருந்தது. பக்கத்தில் "மலாயா ஈப்போ" என்று இரண்டு சொல். அந்தப் பை முப்பது வருடமாக என் கட்டிலுக்குக் கீழே இருந்தது.

மூன்றாம்படி: அத்தாட்சிப் பத்திரங்கள்

பிறப்பு, இறப்பு, விவாகப் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். பிந்திய காலப் பிறப்புப் பத்திரங்களில் பாட்டனாரின் பெயர், பிறந்த ஆண்டு, இடம் ஆகியவற்றுக்கு ஒரு கூடு உண்டு. அதைப் பார்க்காமல் மடித்து வைக்காதீர்கள். பத்திரம் இல்லாவிட்டால் சாதகத்தைத் தேடுங்கள். தமிழ் வருடம் 60 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வரும்: பிரபவ என்றால் 1867ஆகவும் இருக்கலாம், 1927ஆகவும் இருக்கலாம்.

வேதக்கார (கிறிஸ்தவ) குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பதிவைக் கேளுங்கள். 1823இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினறியில் படித்த பிள்ளைகள் பலருக்கு, பணம் உதவிய அமெரிக்கரின் பெயரையே வைத்தார்கள். வெள்ளைக்காரப் பெயரைக் கண்டு, இது நம்மவர் இல்லை என்று தள்ளிவிடாதீர்கள்.

நாலாம்படி: கல்வெட்டும் மரண அறிவித்தலும்

எனக்கு வழி திறந்தது இங்கேதான். செத்தவீட்டுக்குப் பிறகு வரும் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டில் வம்சாவளிப் பக்கம் ஒன்று இருக்கும். நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் நினைவு மலர்கள் நிறைய உண்டு. ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். மரண அறிவித்தலில் "பிறப்பிடமாகவும்", "வதிவிடமாகவும்" என்ற சொற்களுக்கு முன்னால் உள்ள ஊர்களைப் பாருங்கள். பிறகு மைத்துனர், பெறாமக்கள், சகலன் வரைக்கும் ஒவ்வொரு பெயரையும் கொப்பியில் ஏற்றுங்கள். நீங்கள் தேடுகிறவரின் அறிவித்தலே கிடைக்க வேண்டும் என்றில்லை. அம்மம்மாவின் ஒன்றுவிட்ட சகோதரியின் கல்வெட்டில், தமையனின் பெயருக்குக் கீழே மூன்று பிள்ளைகளின் பெயர் இருந்தது. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாத மூன்று பெயர்.

ஐந்தாம்படி: கோயில்

திருவிழாத் துண்டுப்பிரசுரத்தில் உபயகாரரை, அதாவது திருவிழாச் செலவை ஏற்கிறவர்களைப் பாருங்கள். உபயம் தலைமுறையாக வருவது. வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறவரின் விலாசம் கோயில்காரரிடம் இருக்கும். மலாயா, சிங்கப்பூர் போனவர்களும் கோயிலை வைத்துத்தான் கூடினார்கள்: கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கந்தசுவாமி கோயில், சிங்கப்பூர் சிலோன் வீதியில் செண்பக விநாயகர் கோயில்.

டிஎன்ஏ சோதனை செய்யலாம். ஆனால் மச்சான் மச்சாள் கலியாணம் எங்களுக்குள் அதிகம் என்பதால், தூரத்து உறவையும் கிட்டத்து உறவாகக் காட்டும். உறுதியும் கல்வெட்டும் சொல்லாததை அதை மட்டும் வைத்து நம்ப வேண்டாம். போரில் பிரிந்தவரைத் தேடுகிறீர்கள் என்றால், செஞ்சிலுவைச் சங்கத்தின் குடும்பத் தொடர்புச் சேவைக்குப் போங்கள், அதற்குக் காசில்லை.

கடைசிப்படி: முதல் கதை

ஆளைக் கண்டுபிடித்ததும் காணியைப் பற்றி வாய் திறக்காதீர்கள். பங்கு கேட்கிறார்களோ, கையெழுத்துக் கேட்கிறார்களோ என்ற பயம் இரண்டு பக்கமும் வரும். பழைய படம் ஒன்றை அனுப்புங்கள். பதிலுக்குப் பொறுத்திருங்கள். எனக்கு நாலு மாதம் எடுத்தது.

ஈப்போவில் இருக்கும், தமையனின் மகளோ மகனோ பெற்ற பேத்திக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. தாத்தாவின் கடிதங்களைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். என் பூட்டி ஆரையோ கொண்டு எழுதுவித்த கடிதம் ஒன்றைப் போனில் வாசித்துக் காட்டினேன். மழை இல்லை, வெங்காயம் பட்டுப்போச்சு, தங்கச்சிக்கு உறுதி எழுதியாச்சு, வடக்குப் பக்கம் உனக்கு விட்டிருக்கு, ஆவணிக்கு வா.

"வடக்குப் பக்கம் எண்டா எது அண்ணா?" என்று கேட்டார். நான் கமராவைத் திருப்பிக்கொண்டு, கிணற்றடி தாண்டிப் போய், கிளுவை வேலியைக் காட்டினேன்.