பாஸ்வேர்டு மாற்றினால் மட்டும் போதாது: புதிதாக வந்தவர்களுக்கு

சிம் கார்டு, வங்கிக் கணக்கு, வரி எண், வீட்டுப் பதிவு என்று வெளிநாட்டில் வந்திறங்கியதும் வரிசையாக வேலை இருக்கும். எதை எப்படிச் செய்வது என்று அந்தந்த அலுவலகத்தின் இணையதளத்திலேயே போட்டிருப்பார்கள். முகவரியை நீங்களே டைப் செய்து திறந்து, அதில் சொன்னபடி செய்யுங்கள். மெயிலில் வந்த லிங்க் வழியாகப் போகாதீர்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஊரில் நமக்கு மோசடி என்றால் பெரும்பாலும் போனில் வரும். ஓடிபியைக் கேட்பார்கள், நாம் திட்டிவிட்டு வைத்துவிடுவோம். இங்கே பாதி வாழ்க்கை மெயிலில்தான் நடக்கிறது. அதுவும் புதிதாக வந்தவர் குடியேற்ற அலுவலகம், வங்கி, வீட்டு ஏஜென்ட் என்று எல்லோருடைய பதிலுக்காகவும் காத்திருப்பவர். நிஜக் கடிதம் எப்படி இருக்கும் என்று அவருக்கு இன்னும் தெரியாது. விசா என்ற சொல்லைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கும். திருடனுக்கு இதைவிட வசதியான ஆள் கிடைக்க மாட்டார்.

என் நண்பருக்கு வந்த மெயிலில், ‘நீங்கள் அனுப்பிய ஆவணம் தெளிவாக இல்லை, 24 மணி நேரத்துக்குள் மறுபடி பதிவேற்றவும்’ என்று இருந்தது. உண்மையிலேயே அந்த வாரம்தான் அவர் ஆவணம் அனுப்பியிருந்தார். லிங்கை அழுத்தினார். மெயில் கணக்கின் லாகின் பக்கம் அச்சு அசலாக வந்தது. பாஸ்வேர்டு போட்டார், போனுக்கு வந்த ஓடிபியையும் போட்டார். ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அவர் யாரிடமும் சொல்லவில்லையே, பக்கத்தில்தானே போட்டார்! போலிப் பக்கம் அந்த இரண்டையும் அதே நொடியில் உண்மையான தளத்தில் போட்டு உள்ளே நுழைந்துவிடும்.

இரண்டு நாள் கழித்துச் சந்தேகம் வந்து பாஸ்வேர்டை மாற்றினார். அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் உள்ளே வந்தவன் ஏற்கெனவே ஒரு ஃபில்டர் போட்டு வைத்திருந்தான். வாடகை, முன்பணம் போன்ற சொற்கள் உள்ள மெயில்கள் எல்லாம் வெளியே ஒரு முகவரிக்குப் போய்விடும், இன்பாக்ஸில் தெரியாது. பாஸ்வேர்டை மாற்றினால் ஃபில்டர் அழியாது. வீட்டு ஏஜென்டோடு நடந்த உரையாடலை அவன் உட்கார்ந்து படித்திருக்கிறான். பிறகு அதே தலைப்பில், பழைய மெயில்கள் கீழே தொங்க, ‘எங்கள் கணக்கு எண் மாறியிருக்கிறது’ என்று ஒரு பதில் வந்தது. அனுப்புநர் முகவரியில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். முன்பணம் முழுவதும் போய்விட்டது. நீங்களே அனுப்பிய பணம், ஒன்றும் செய்ய முடியாது என்றது வங்கி. “படித்தவர், இதுகூடவா தெரியாது?” என்று அவரிடம் கேட்டவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அதனால் எங்காவது ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றினால், பாஸ்வேர்டை மாற்றியதோடு நிறுத்தாதீர்கள். செட்டிங்ஸில் ஃபில்டர், ஃபார்வர்டிங் இரண்டையும் திறந்து பாருங்கள். பாஸ்வேர்டு மறந்தால் கணக்கைத் திரும்பப் பெறக் கொடுத்திருக்கும் மீட்பு எண்ணும் மீட்பு மெயிலும் உங்களுடையவைதானா? எந்தெந்த ஆப்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது? எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றிவிட்டு, நீங்கள் மட்டும் திரும்ப உள்ளே வாருங்கள். கணக்கு எண் மாறியதாக யார் எழுதினாலும், முன்பே உங்களிடம் இருக்கும் எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். அந்த மெயிலில் கொடுத்திருக்கும் எண் வேண்டாம்.

பிழையான ஆங்கிலத்தை வைத்துக் கண்டுபிடித்த காலம் போய்விட்டது, இப்போது சுத்தமாகவே எழுதுகிறார்கள். பிரவுசரில் முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுச் சின்னத்தையும் நம்ப வேண்டாம். இடையில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்குத்தான் அது. எதிரே இருப்பவன் நல்லவன் என்பதற்கு அல்ல, திருடனும் அதை இலவசமாக வாங்கலாம். முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால், .com போன்ற முடிவோடு சேர்ந்து கடைசியாக நிற்கும் பெயர்தான் தளத்தின் சொந்தக்காரர். வங்கியின் பெயர் அதற்கும் முன்னால் எத்தனை முறை வந்தாலும் கணக்கில்லை. பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் ஆப்பான பாஸ்வேர்டு மேனேஜர் வைத்துக்கொள்வது நல்லது. வழக்கமாகத் தானே நிரப்பும் அது ஒரு பக்கத்தில் சும்மா இருந்தால், நீங்களும் நிறுத்திவிடுங்கள். பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் போனின் கைரேகையாலோ பூட்டாலோ உள்ளே நுழையும் பாஸ்கீ வசதி இருந்தால் உடனே போட்டுக்கொள்ளுங்கள், அது போலித் தளத்தில் வேலையே செய்யாது.

அப்புறம் பாஸ்போர்ட் நகல். வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே கேட்பவர்களுக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியில் என்று நகலின் குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் முதல் வேலை, கார்டின் பின்னால் உள்ள எண்ணில் வங்கியை அழைப்பது. பணம் போன கணக்கில் அது இன்னும் இருந்தால்தான் நிறுத்திவைக்க முடியும், அதனால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்தது போலீஸ். புகார் கொடுத்தால் விசாவுக்குப் பிரச்சினை வருமோ என்று நம்மவர்கள் பலர் பயந்து ஒதுங்குகிறார்கள். நீங்கள் பாதிக்கப்பட்டவர், தைரியமாகப் போங்கள். புகார் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் வங்கி அதைக் கேட்கலாம்.